ஒயிட் டீ வெந்நீர் மாதிரி இருக்கிறதே, போலியா?

அடுத்த கேள்வி. ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "சில்வர் நீடில் என்று ஒயிட் டீ வாங்கினேன். ஒரு கப்புக்கு ஒரு ஸ்பூன் போட்டு, ஆறின வெந்நீர் ஊற்றி இரண்டு நிமிடம் வைத்தேன். சாயமும் இல்லை, ருசியும் இல்லை. கொடுத்த காசுக்கு வெந்நீர்தான் மிச்சம். போலியா?"

போலியே வராது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் என் சந்தேகம் முதலில் அந்த ஸ்பூன் மேல்தான். டீத்தூள் ஸ்பூனில் அடைத்துக்கொண்டு உட்காரும். சில்வர் நீடில் என்பது முழுக்கத் தேயிலைச் செடியின் மொட்டு. இந்த மொட்டுகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும், நடுவில் பாதி காற்றுதான். அதனால் எடை பார்த்துப் போடுங்கள். 150 மில்லி தண்ணீருக்கு 3 கிராம். போடும்போது "இவ்வளவா!" என்று தோன்றும், தோன்றட்டும்.

அப்புறம் நேரம். சில்வர் நீடிலுக்குப் பேர்போன ஊர் சீனாவில் ஃபூஜியான் மாகாணத்து ஃபுதிங். வசந்தம் தொடங்கும்போது, இன்னும் விரியாத மொட்டை மட்டும் கிள்ளி, வாட விட்டு, உலர்த்துவார்கள். அவ்வளவுதான் வேலை. உருட்டுவதில்லை, நசுக்குவதில்லை. நம் வீட்டு சி.டி.சி. தூள் இயந்திரத்தில் நசுங்கிக் கிழிந்து சுருண்டு வருவது, தண்ணீர் பட்டதும் சாயம் இறங்கிவிடும். இந்த மொட்டு முழுசாக இருக்கிறது, மேலே ரோமம் வேறு. சாரம் மெதுவாகத்தான் இறங்கும். எனவே ஆறின தண்ணீர் வேண்டாம். 85, 90 டிகிரி இருக்கட்டும், நான்கைந்து நிமிடம் விடுங்கள். கிரீன் டீக்குச் சொல்கிற 70 டிகிரியை இதற்கும் சொல்லிவிடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை.

சரி, ருசி பார்ப்பது எப்படி? கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். வெளிறின வைக்கோல் நிறம்தான் இருக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். உள்ளே பொடிப்பொடியாக மினுங்குவது தூசி இல்லை, மொட்டின் ரோமம். அதைத் துணி போட்டு வடிகட்டிவிடாதீர்கள். குடிக்கும் முன் ஊறின மொட்டை முகர்ந்து பாருங்கள். காய்ந்த புல், நறுக்கின வெள்ளரிக்காய், சில நேரம் முலாம்பழம் மாதிரி வரும். சூடு கொஞ்சம் தணிந்ததும் காற்றோடு சேர்த்து உறிஞ்சுங்கள், சத்தம் வந்தால் வரட்டும். பால் டீ குடித்த நாக்கு கடுப்பையும் துவர்ப்பையும் தேடும், இங்கே அது குறைவு. தண்ணீரை விடக் கொஞ்சம் கொழகொழப்பாக நாக்கில் வழுக்குகிறதா என்று கவனியுங்கள். விழுங்கின பிறகு மூக்கு வழியாக மூச்சை விடுங்கள், தொண்டையில் லேசாக ஓர் இனிப்பு எழும்பும். மிக்சர் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் இதெல்லாம் தெரியாது. அதே மொட்டில் இரண்டாம் முறை ஊற்றுங்கள். பல சமயம் அதுதான் நன்றாக இருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் சந்தேகமா? தேயிலையை ருசித்துத் தரம் பார்க்கிறவர்களுக்கு ஐ.எஸ்.ஓ. 3103 என்று சர்வதேசத் தர அமைப்பு வகுத்த ஒரு முறை இருக்கிறது. 100 மில்லிக்கு 2 கிராம், கொதிக்கிற தண்ணீர், 6 நிமிடம். குடிக்கச் சுகமாக இருப்பதற்காகச் சொன்னதல்ல, குறை இருந்தால் மறைக்காமல் காட்டும். அப்படிப் போட்டும் ஒன்றுமே வரவில்லை, இல்லை ஈரச்சாக்கு வாடை அடிக்கிறது என்றால் கடைக்காரரிடம் கேளுங்கள். பாக்கெட்டில் விரிந்த இலைகளும் கலந்திருந்தால் அது 'பாய் மு தான்' என்கிற இன்னொரு வகை ஒயிட் டீ, மொட்டோடு ஒன்றிரண்டு இலை சேர்ந்தது. விலை குறைவு, அதைச் சில்வர் நீடில் விலைக்கு விற்றிருந்தால் ஏமாற்றுதான். ஆனால் 'பாய் மு தான்' வகை மட்டமானது இல்லை. ருசி எடுப்பாகத் தெரியும், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

கீழே இன்னொருவர், "ஒயிட் டீயில் கஃபீன் கிடையாதாமே, இரவில் குடிக்கலாமா?" என்கிறார். நிறம் வெளுப்பு என்பதற்காகக் கஃபீன் இல்லாமல் போகாது. செடியில் இளம் மொட்டில்தான் அது அதிகம். தூக்கம் கெடுகிற உடம்பு என்றால் காலையிலேயே குடித்துவிடுங்கள்.