அப்பாவைப் பற்றி ஆறு நிமிடம்

அவையோருக்கு வணக்கம்.

மறைந்த அப்பாவைப் பற்றி நாலு வார்த்தை பேசு என்று சொன்னால், பெரும்பாலான பிள்ளைகள் முதலில் அவருக்கு ஒரு நன்னடத்தைச் சான்றிதழ் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். அன்பானவர், பண்பானவர், நேர்மையானவர், கடின உழைப்பாளி. இதை எந்த அப்பாவின் படத்துக்கு முன்னாலும் வாசிக்கலாம். பெயரை மாற்றினால் போதும். கேட்பவர்களும் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். ஆனால் அந்த மனிதர் மட்டும் கூடத்துக்குள் வந்திருக்க மாட்டார். அவரை உள்ளே கூட்டி வருவது எப்படி என்பதுதான் இன்றைக்குப் பேச்சு. அவர் வந்துவிட்டால் சிரிப்பும் கூடவே வந்துவிடும்.

துக்க இடத்தில் சிரிப்பா என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. மெய்ப்பாடுகள், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகள், எட்டையும் வரிசைப்படுத்தும் தொல்காப்பியம் முதலில் நகையை, அதாவது சிரிப்பை, வைக்கிறது. அதை ஒட்டி அடுத்த இடத்தில் அழுகை. நகை பிறக்கும் இடங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கு. இதில் எள்ளலை வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். அது ஆளைத் தாழ்த்திச் சிரிப்பது. மற்ற மூன்றும் அப்பாக்களுக்காகவே சொல்லி வைத்தது போல இருக்கும். இளமை, தலை நரைத்த பிறகும் போகாத சிறுபிள்ளைத்தனம். பேதைமை, தெரியாத வேலையில் தெரிந்தவர்போலக் கை வைப்பது. மடன், ஒருமுறை பிடித்துக்கொண்டதை விடாத வெள்ளந்தித்தனம். ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறியைச் சரிசெய்கிறேன் என்று கழற்றிப் போட்டு, மாட்டி முடித்த பிறகு நான்கு திருகாணி மிச்சம் இருக்க, ‘இதெல்லாம் அவன் கூடுதலாகப் போட்டது’ என்று சொல்கிற அப்பாவில் மூன்றுமே இருக்கின்றன.

இந்த மாதிரிச் செய்திகளைச் சேகரிக்க ஒரு முறை உண்டு. ‘அப்பா எப்படிப்பட்டவர்?’ என்று யாரிடமும் கேட்காதீர்கள். ‘தங்கமான மனுஷன்’ என்றுதான் பதில் வரும். கேட்க வேண்டியது வேறு. எந்தப் பொருளை யாரும் தொடக்கூடாது என்பார்? எந்த வாக்கியத்தைத் தினமும் சொல்வார்? எதைச் சரிசெய்யப் போய்க் கெடுத்தார்? தொலைபேசியை எடுத்ததும் முதல் சொல் என்ன? கோபம் வந்தால் எங்கே போய் உட்காருவார்? எதற்குப் பயப்படுவார்? இந்த ஆறு கேள்வியை ஐந்து பேரிடம் கேளுங்கள்: உடன்பிறந்தவர் ஒருவர், கூட வேலை பார்த்தவர் ஒருவர், பழைய நண்பர் ஒருவர், பேரக்குழந்தை, அம்மா. அம்மாவைக் கடைசியாகக் கேளுங்கள். மற்றவர்கள் சொன்னதில் பாதியை அவர் திருத்துவார், அந்தத் திருத்தம்தான் பல நேரம் சிறந்த வரி. பேரக்குழந்தையை விட்டுவிட வேண்டாம். தாத்தாவைப் பற்றிச் சின்னப் பிள்ளைகளுக்கு மரியாதை கலக்காத தகவல்கள் தெரியும். பிறகு அவருடைய மேசை இழுப்பறையைத் திறந்து பாருங்கள். எழுதாத பேனாக்கள், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள், அவர் கடைசிவரை நம்பிய ஒரு சாதனத்தின் உத்தரவாதச் சீட்டு. பேச்சில் கால் பங்கு அங்கே கிடைத்துவிடும்.

சேர்ந்ததை எழுதும்போது ஒரே ஒரு விதி: பண்பைச் சொல்லாதீர்கள், பழக்கத்தைச் சொல்லுங்கள். ‘அப்பா சிக்கனமானவர்’ என்பது பண்பு. ‘பற்பசைக் குழாய் தீர்ந்த பிறகு அதைக் கத்தரியால் இரண்டாக வெட்டி இன்னும் மூன்று நாள் ஓட்டுவார்’ என்பது பழக்கம். ‘நேரம் தவறாதவர்’ என்பது பண்பு. ‘ஏழு மணி ரயிலுக்கு ஐந்தரைக்கே போய் நின்றுகொண்டு, ரயில் இன்னும் வரவில்லையே என்று கோபித்துக்கொள்வார்’ என்பது பழக்கம். முதல் வகை வாக்கியத்தை யாரும் மறுக்க மாட்டார்கள், நினைவிலும் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்த இரண்டு வாக்கியத்தின் வினைமுற்றைக் கவனியுங்கள்: ஓட்டுவார், கோபித்துக்கொள்வார். ‘நாளைக்கு வருவார்’ என்று சொல்வதும் இதே வடிவம்தான். தமிழில் வழக்கமாக நடந்ததைச் சொல்லும் வினையும் இனி நடக்கப்போவதைச் சொல்லும் வினையும் ஒன்றாக இருப்பது, இந்த மாதிரிப் பேச்சுக்குக் கிடைத்த பெரிய வரம். பழக்கங்களை எல்லாம் ‘செய்வார்’ என்று சொல்லிக்கொண்டு போனால் அப்பா இன்னும் செய்துகொண்டிருப்பது போலவே ஒலிக்கும். ஒரே ஒரு முறை நடந்த சம்பவத்துக்கு மட்டும் ‘செய்தார்’ வரட்டும். எல்லாவற்றையும் ‘செய்தார், இருந்தார், வாழ்ந்தார்’ என்று முடித்தால் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு கதவைச் சாத்தும்.

அளவு. நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 80 முதல் 90 தமிழ்ச் சொற்கள் போகும். நம் சொற்கள் நீளம். ஆங்கிலப் பேச்சுக்குச் சொல்லும் 130 என்ற கணக்கு இங்கே உதவாது. ஆறு நிமிடம் என்றால் சிரிப்புக்கும் தொண்டை அடைப்பதற்கும் இடம் விட்டு 450 சொல் எழுதினால் போதும். அதில் மூன்று சம்பவங்கள்தான் அடங்கும். பிறந்த ஊர், படித்த பள்ளி, வேலையில் சேர்ந்த ஆண்டு என்று தொடங்கினால் வேலை உயர்வு வருவதற்குள்ளேயே நேரம் தீர்ந்துவிடும். அவையெல்லாம் அழைப்பிதழில் இருக்கட்டும்.

முதல் சிரிப்பு முதல் நிமிடத்துக்குள் வர வேண்டும், சின்னதாக. கூட்டத்துக்குச் சிரிக்க ஆசைதான். சிரிக்கலாமா என்று தெரியாமல் குடும்பத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் அந்த முதல் வரியைக் குடும்பத்தாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முன்வரிசையில் அம்மா புன்னகைத்தால் பின்வரிசைக்கு அனுமதி கிடைத்துவிட்டது. சிரிப்பு எழுந்தால் அது பாதிக்கு மேல் அடங்கும்வரை காத்திருந்து அடுத்த வரிக்குப் போங்கள். யாருமே சிரிக்கவில்லையா? நிற்காமல் போய்க்கொண்டே இருங்கள். இதற்காகத்தான் துணுக்கு வேண்டாம், பழக்கம் போதும் என்பது. சிரிக்கப்படாத துணுக்கு மேடையிலேயே செத்துக் கிடக்கும். சிரிக்கப்படாத பழக்கம் வெறும் செய்தியாக நின்றுகொள்ளும்.

எதைச் சொல்லக்கூடாது? திக்குவாய், நொண்டல், காது கேளாமை போன்றவற்றைப் பாவனை செய்து காட்டுவது. கடன், குடி, சொத்துத் தகராறு. அம்மா அசடாகத் தெரியும்படியான கதை. மூன்று பேருக்கு மட்டும் புரியும், மற்றவர்களுக்கு விளக்க வேண்டிய கதை. இதைவிட அதிகம் நடக்கும் தவறு வேறு: கடைசி இரண்டு வாரத்து மருத்துவமனைக் கதையை விரிவாகச் சொல்வது. எழுபது வருட வாழ்க்கையை அந்தப் பதினாலு நாள் விழுங்கிவிடும். ஐயம் வருகிற ஒவ்வொரு கதைக்கும் ஒரு சோதனை உண்டு. அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தால் ‘டேய், இதையெல்லாமா சொல்வ?’ என்று சிரித்துக்கொண்டே கேட்பாரா, எழுந்து வெளியே போய்விடுவாரா?

முன்கோபக்கார அப்பாவைச் சாந்த சொரூபி ஆக்க வேண்டாம். வந்திருப்பவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். ‘அப்பாவுக்குக் கோபம் வரும், வந்தது போவதற்குள் ஒரு தட்டாவது பறந்துவிடும், அரை மணி கழித்து யாரும் கேட்காமலே எல்லாருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார், அதுதான் அவருடைய மன்னிப்பு’ என்று சொன்னால் யாரும் நெளிய மாட்டார்கள். ஒட்டவே முடியாத அளவுக்குக் காயம் உண்டென்றால் பேசாமல் இருக்கலாம். பொய் சொல்வதைவிட அது மேல்.

பேச்சின் கனமான இடத்தை முக்கால் பங்கு கடந்ததும் வையுங்கள், அதிகம் போனால் ஐந்து வரி. அதற்கு மேல் தேவைப்படாது என்பதற்குப் புறநானூற்றில் பாரி மகளிர் பாட்டு இருக்கிறது, தந்தையையும் தங்கள் குன்றையும் பகை வேந்தரிடம் இழந்த மகள்களின் பாட்டு. ‘அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்’ என்று தொடங்கும் அந்தப் பாட்டு மொத்தமே ஐந்தடி. அப்பாவைப் பற்றி அதில் அடைமொழி ஒன்றுகூட இல்லை. வள்ளல் என்றோ வீரன் என்றோ மகள்கள் சொல்லவில்லை. போன மாதம் இதே நிலா, அப்பா இருந்தார், குன்றும் இருந்தது. இந்த மாதம் இதே நிலா, குன்றும் போனது, அப்பாவும் இல்லை. அவ்வளவுதான். உங்கள் வீட்டில் அந்த நிலா எது என்று தேடுங்கள். அவர் மட்டும் சாவி கொடுக்கும் கடிகாரமாக இருக்கலாம், வாசல் விளக்கின் சுவிட்சாக இருக்கலாம்.

இப்போது தாளுக்கு வருவோம். கைபேசியைப் பார்த்துப் படிக்காதீர்கள். திரை அணையும், யாராவது அழைப்பார்கள், கண் கலங்கினால் ஒளி சிதறும். 18 புள்ளி அளவு எழுத்து, ஒன்று விட்டு ஒரு வரி, தாளின் ஒரு பக்கத்தில் மட்டும். கீழ் மூன்றில் ஒரு பங்கை வெறுமையாக விட்டால் தலை ரொம்பக் குனியாது, குரல் மைக்கை விட்டு விலகாது. பக்க எண் போடுங்கள். கை நடுங்கித் தாள் சிதறினால் அது தான் காப்பாற்றும். இன்னொரு படியை ஒரு அண்ணனிடமோ அத்தையிடமோ கொடுத்து, ‘இருபது வினாடிக்கு மேல் நின்றுவிட்டால் நீங்கள் வந்து படியுங்கள்’ என்று சொல்லி வையுங்கள். இப்படி ஏற்பாடு செய்தவர்களுக்குப் பெரும்பாலும் அது தேவைப்படுவதில்லை.

வாய்விட்டு ஐந்து முறையாவது படித்துப் பாருங்கள். மனசுக்குள் படித்தால் குரல் எங்கே உடைகிறது என்று தெரியாது. உடையும் இடத்தில் வாக்கியத்தை மூன்று நான்கு சொல்லுக்குக் குறையுங்கள். அதை அடுத்து ஒரு சாதாரணச் செய்தி வரும்படி வையுங்கள். அப்படியும் அடைத்தால் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அழுகை வரும்போது குரல்வளை விரிந்து திறந்திருக்கப் பார்க்கிறது, விழுங்க அது மூட வேண்டும். இந்த இழுபறிதான் தொண்டையில் கட்டி நிற்பது போலத் தோன்றுகிறது. ஒரு வாய் தண்ணீர், ஒரு நீண்ட வெளிமூச்சு, அந்த வரியை முதலிலிருந்து. கூட்டம் காத்திருக்கும்.

கடைசி வரி மூன்று சம்பவங்களில் ஒன்றிலிருந்தே வரட்டும், முடிந்தால் அவர் தினமும் சொன்ன வாக்கியமே. சொல்லிவிட்டு இறங்கிவிடுங்கள்.

இறங்கிய பிறகுதான் ஆட்கள் கையைப் பிடித்துக்கொண்டு, ‘அதைச் சொன்னியே, அவர் ஒருமுறை என்ன பண்ணார் தெரியுமா?’ என்று ஆரம்பிப்பார்கள். மேடையில் சொன்னதைவிட நல்ல கதைகள் அங்கேதான் கிடைக்கும். சட்டைப்பையில் ஒரு பேனாவும் மடித்த வெற்றுத் தாளும் இருக்கட்டும். யார் சொன்னது, ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதையும் சேர்த்து அன்று இரவுக்குள் எழுதிவிடுங்கள்.