உச்சிக்கு அவசரமில்லை: புக்கிட் தீமா காட்டில் ஒரு காலை நடை

[காட்சி: மலையுச்சியில் உள்ள பாறை. அதில் பொறித்த உயரம் தெரிகிறது.]

163.63 மீட்டர். சிங்கப்பூரில் இயற்கையாக அமைந்த நிலத்தில் இதைவிட உயரமான இடம் கிடையாது. சனிக்கிழமை காலையில் இந்தப் பாறையோடு படம் எடுத்துக்கொள்ள ஆட்கள் காத்து நிற்பார்கள். எடுத்து முடித்ததும் சுற்றிப் பார்ப்பார்கள். கடல் தெரியுமா, நகரம் தெரியுமா என்று தேடுவார்கள். மரங்கள்தான் தெரியும். "இவ்வளவுதானா?" என்று கேட்டுக்கொண்டே, ஏறி வந்த தார்ச்சாலையிலேயே இறங்கிவிடுவார்கள்.

அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. பார்க்க வேண்டியதெல்லாம் அவர்கள் வேகமாகக் கடந்து வந்த வழியின் இரு பக்கத்திலும் இருந்தது. அந்த வழியை உங்களோடு மெதுவாக நடந்து காட்டத்தான் இந்த வீடியோ.

[காட்சி: பியூட்டி வோர்ல்ட் எம்ஆர்டி நிலையம். காலை வெளிச்சம்.]

வருவது எளிது. டவுன்டவுன் ரயில் பாதையில் பியூட்டி வோர்ல்ட் நிலையத்தில் இறங்கினால் ஏறக்குறைய கால் மணி நேர நடையில் ஹிந்தீட் டிரைவ் வந்துவிடும். அதன் முடிவில் வருகையாளர் நிலையம். கட்டணம் கிடையாது. காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள். பிற்பகலில் இடியும் மழையும் இந்த ஊரில் சொல்லிக்கொண்டு வருவதில்லை. செருப்பு வேண்டாம், பிடிமானம் உள்ள காலணி போதும். தண்ணீரைப் பைக்குள் வையுங்கள்; கையில் பிளாஸ்டிக் பை மட்டும் தொங்க வேண்டாம்.

[காட்சி: தாய்க் குரங்கு ஒன்று குட்டியை வயிற்றில் அணைத்தபடி சாலையைக் கடக்கிறது.]

காரணம் இவர்கள். நீண்ட வால் குரங்குகள். பிளாஸ்டிக் பையின் சரசரப்பு என்றால் சாப்பாடு என்று மனிதர்கள்தான் இவற்றுக்குக் கற்றுக்கொடுத்தோம். பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள். குரங்குக்கு அது மிரட்டல். உணவு கொடுத்தால் முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். அபராதத்தை விடுங்கள், இவை இந்தக் காட்டுக்குச் செய்யும் வேலையைப் பாருங்கள். பழங்களைக் கன்னப் பைக்குள் அடக்கிக்கொண்டு வேறொரு கிளைக்குப் போய், தின்றுவிட்டுக் கொட்டையைத் துப்பும். மரம் தன் பிள்ளைகளைத் தள்ளிக் குடிவைக்க ஓர் ஆள் கிடைத்துவிடுகிறது. ரொட்டிக்காகச் சாலையோரம் உட்கார்ந்திருக்கும் குரங்கு அந்த வேலையைச் செய்வதில்லை.

[காட்சி: கேமரா ஓர் அடிமரத்தில் தொடங்கி மெல்ல மேலே போகிறது. நீண்ட நேரம் கிளையே வரவில்லை.]

இங்கே கொஞ்சம் நிற்போம். இது செராயா மரம். 50 மீட்டரைத் தாண்டியும் வளரக்கூடியது. உச்சி இலைகள் சாம்பல் பூத்த பச்சை நிறத்தில் இருப்பதால், தூரத்திலிருந்து பார்த்தாலே மலைமுகட்டில் இது தனியாகத் தெரியும். பெயர் புதிதாக இருக்கலாம். இதன் குடும்பம் நமக்குப் பழக்கமானதுதான். வீட்டில் தூபமிடும் குங்கிலியம் இந்தக் குடும்பத்து மரங்களின் பிசின்.

[காட்சி: உள்ளங்கையில் இறக்கை முளைத்த ஒரு காய்.]

செராயா ஆண்டுதோறும் பூப்பதில்லை. பல ஆண்டுகள் காத்திருக்கும். பிறகு ஒரு பருவத்தில் அதன் இனத்து மரங்கள் எல்லாம் சேர்ந்தாற்போல் பூத்துத் தள்ளும். காய்களுக்கு இறக்கை உண்டு. சுழன்று சுழன்று இறங்கும். இறக்கை இருந்தும் அதிக தூரம் போகாது, பெரும்பாலும் தாய்மரத்தைச் சுற்றியே விழும். முளைத்த கன்று அந்த நிழலிலேயே, முழங்கால் உயரத்தைக்கூட எட்டாமல், ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். பக்கத்தில் ஒரு பெரிய மரம் சாய்ந்து மேலே வானம் திறந்தால்தான் அதற்கு வாழ்வு.

இப்போது பாதையின் ஓரத்தைப் பாருங்கள். செடி என்று நாம் தாண்டிப் போகும் அந்த நான்கு இலைக் கன்றுக்கு, நம்மோடு நடந்து வரும் பள்ளிப் பிள்ளையின் வயது இருக்கலாம். சேற்றைத் தவிர்க்க நாம் எடுத்து வைக்கும் ஓர் அடி அதன் மேல் விழுந்தால், அத்தனை ஆண்டுக் காத்திருப்பும் அங்கேயே முடிந்தது.

[காட்சி: முள் கொக்கிகள் நிறைந்த கொடி, அருகிலிருந்து.]

சட்டையைப் பிடித்து இழுக்கும் இந்தக் கொடி பிரம்பு. ஆம், நாற்காலி பின்னும் அதே பிரம்பு. பனையின் உறவு. தானாக நிமிர்ந்து நிற்க வலுவில்லாததால் கொக்கியால் அடுத்த மரத்தைப் பற்றி ஏறுகிறது. மாட்டிக்கொண்டால் முன்னே இழுக்காமல் ஓரடி பின்னால் வாருங்கள், தானே விட்டுவிடும்.

[காட்சி: சிங்கப்பூரின் பழைய வரைபடம்.]

1854-இல் ஆங்கில இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் இந்தப் பகுதியில் தங்கிப் பூச்சிகள் சேகரித்தார். வண்டுகள் மட்டும் சுமார் 700 வகை. அவ்வளவு கிடைத்ததற்கு அவரே சொன்ன காரணம் என்னை இன்றும் உறுத்துகிறது: மரவெட்டிகள் தொடர்ந்து வெட்டிச் சாய்த்த மரங்களும் மரப்பட்டையும் மரத்தூளும் வண்டுகளுக்கு விருந்தாயின. காடு அழிந்துகொண்டிருந்த நேரத்தில்தான் அதன் செல்வம் கணக்கில் வந்தது. சுற்றிலும் மிளகும், தோல் பதனிடச் சாறு தரும் கேம்பியர் செடியும் பயிரிட்டிருந்தார்கள். கேம்பியர் இலையைக் கொதிக்க வைத்துத்தான் சாறு எடுக்க வேண்டும். அந்த அடுப்புகளுக்கு விறகு காட்டிலிருந்தே போனது. 1883-இல், அப்போது தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்த நத்தானியல் கேன்ட்லியின் பரிந்துரைப்படி இது காப்புக்காடாகியது. இன்று ஏறக்குறைய 163 ஹெக்டேர். விதை தூரம் போகாத மரங்கள் நிறைந்த காட்டை ஒருமுறை வெட்டிவிட்டால், வேலி போட்டுக் காத்திருந்தால் மட்டும் அது திரும்பி வந்துவிடாது.

[காட்சி: தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய நடைபாதை, கயிற்று வேலி.]

வெட்டாமலும் காட்டைத் தேய்த்துவிடலாம். நடந்தே தேய்த்துவிடலாம். ஆண்டுக்கணக்கில் விழுந்த காலடிகளில் மண் இறுகியது. மழைநீர் உள்ளே இறங்காமல் சரிவில் ஓடி மேல்மண்ணை அரித்தது. வேர்கள் வெளியே வந்தன. வேர் தடுக்குகிறது என்று ஆட்கள் ஓரமாக நடந்தார்கள், பாதை மேலும் அகன்றது. 2014 செப்டம்பரில் தேசியப் பூங்காக் கழகம் காட்டை மூடிச் சரிவுகளைப் பலப்படுத்தியது, பாதைகளைச் சீரமைத்தது. முழுமையாகத் திறந்தது 2016 அக்டோபரில். இந்தக் கயிற்று வேலியைத் தாண்டிப் படமெடுக்கப் போகிறவர்களை நான் நிறுத்திவிடுவேன். அன்பாகத்தான் சொல்வேன், ஆனால் சொல்லிவிடுவேன்.

[காட்சி: கற்களுக்கிடையே தெளிந்த, குறுகிய நீரோட்டம்.]

அரித்துப் போகும் மண் எங்கே போகும்? இந்த ஓடைக்குத்தான். இதுபோன்ற மலையோடைக் கற்களின் அடியில் ஒரு நன்னீர் நண்டு வாழ்கிறது. அகலம் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். அறிவியல் அதற்குப் பெயர் வைத்தது 1986-இல்: ஜொஹோரா சிங்கப்பூரென்சிஸ். உலகில் சிங்கப்பூரைத் தவிர வேறெங்கும் அது இல்லை; இங்கேயும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஓடைகளில்தான் உண்டு. அதைத் தேடிக் கல்லைப் புரட்டாதீர்கள். அந்தக் கல்தான் அதன் வீடு. ஓடைப் பாலத்தில் நின்று தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

அதே 1986-இல்தான் புக்கிட் தீமா விரைவுச்சாலையும் கட்டி முடிந்து, இந்தக் காட்டை நடு நீர்ப்பிடிப்புப் பகுதியின் பெருங்காட்டிலிருந்து பிரித்தது. மேலே கேட்கும் அந்த இரைச்சல் அதுதான். 2013-இல் சாலைக்கு மேலே மண் நிரப்பி, மரம் நட்டு, விலங்குகளுக்கென்றே ஒரு பாலம் கட்டினார்கள். எறும்புதின்னிகள் அதில் கடப்பதைக் கேமராக்கள் பதிவு செய்திருக்கின்றன. அந்தப் பாலத்தில் நமக்கு அனுமதி இல்லை. அது மிகச் சரி.

[காட்சி: ஹிந்தீட் குவாரி. செங்குத்தான பாறைச் சுவர், கீழே பச்சைத் தண்ணீர்.]

தீமா என்றால் மலாயில் வெள்ளீயம். மலையோ கருங்கல். வெட்டியெடுத்த பள்ளம்தான் இந்தக் குளம். வருகையாளர் நிலையத்திலிருந்து சில நிமிட நடை. முழங்கால் வலி உள்ள பெரியவர்களை உச்சிக்கு இழுக்காமல் இங்கே அழைத்து வாருங்கள்.

[காட்சி: சாம்பல் திட்டுகள் படர்ந்த ஓர் அடிமரம். கேமரா அசையாமல் நிற்கிறது.]

கிளம்பும் முன் இந்த மரத்தை நன்றாகப் பாருங்கள். நடுவில் பாசி படர்ந்த மரப்பட்டைபோல ஒரு திட்டு. பத்து நொடி பொறுங்கள். அதோ, கண் திறக்கிறது. கொலுகோ என்ற பாலூட்டி விலங்கு. கழுத்திலிருந்து வால் வரை விரியும் தோலை வைத்து மரம் விட்டு மரம் மிதந்து போகும். பகலெல்லாம் இப்படித்தான் ஒட்டிக்கொண்டு தூங்கும். நாங்கள் படம் எடுத்த ஒரு மணி நேரத்தில் இதன் கீழே நாற்பது பேராவது நடந்து போயிருப்பார்கள். ஒரு சிறுமி மட்டும் நின்றாள், அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.