பெர்லில் டெயின்ட் சோதனை: இயக்கியதும் வரும் பிழையை எப்படித் தீர்ப்பது?

நேயர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "இணையப் படிவத்தில் பயனர் எழுதும் கோப்புப் பெயரை என் பெர்ல் ஸ்கிரிப்ட் சிஸ்டம் கட்டளைக்கு அனுப்புகிறது. டெயின்ட் சோதனையை இயக்கியதும் ஸ்கிரிப்ட் பிழை காட்டி நின்றுவிடுகிறது. (.*) என்று எழுதிப் பிழையைப் போக்கலாமா?"

போக்கலாம், ஆனால் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். டெயின்ட் சோதனை என்பது, வெளியிலிருந்து வரும் நம்பத்தகாத மதிப்புகள் ஆபத்தான வேலைகளில் பயன்படுவதைத் தடுக்கும் பெர்ல் நிரல்மொழியின் பாதுகாப்பு வசதி. (.*) ஏன் கூடாது என்பதற்கு முன், இச்சோதனையை இயக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்கிரிப்டின் முதல் வரியில், பெர்லின் பாதைக்குப் பின் ஒரு ஹைஃபனும் ஆங்கிலப் பெரிய எழுத்து டி-யும் இட வேண்டும். பெர்ல் என்று தட்டச்சு செய்து ஸ்கிரிப்டை ஓட்டுபவர்கள் அங்கேயும் அதே குறியைத் தர வேண்டும். இல்லையேல் பெர்ல் அதை ஓட்ட மறுத்துவிடும். சிறிய எழுத்து டி வெறும் எச்சரிக்கை மட்டுமே தரும் என்பதால், அது பழைய ஸ்கிரிப்டுகளைத் திருத்தும் காலத்துக்கு மட்டுமே உரியது.

இயக்கிய பின், படிவம், கட்டளை வரி, சூழல் மாறிகள், கோப்புகள் என வெளியிலிருந்து வரும் மதிப்புகளையும் அவற்றிலிருந்து உருவாகும் மதிப்புகளையும் பெர்ல் நம்பத்தகாதவை என்று குறித்து வைத்துக்கொண்டு, அவற்றைக் கொண்டு ஷெல் (கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரல்) கட்டளையை ஓட்டவோ, கோப்பை எழுதுவதற்குத் திறக்கவோ, அழிக்கவோ முயன்றால் ஸ்கிரிப்டை அங்கேயே நிறுத்திவிடுகிறது. படிப்பதற்காகக் கோப்பைத் திறப்பதையும், பிரின்ட் செய்வதையும் அது தடுப்பதில்லை. ஆகவே, பயனர் தந்த பெயரில் ஒரு ரகசியக் கோப்பு படிக்கப்படுவதைத் தடுப்பது முழுக்க உங்கள் பொறுப்பு.

நம்பத்தகாதது என்ற அந்தக் குறியை நீக்குவதற்குரிய வழி, ரெகுலர் எக்ஸ்பிரஷனின் (எழுத்துகளின் அமைப்பைப் பொருத்திப் பார்க்கும் வடிவத்தின்) அடைப்புக்குறிக்குள் பிடிபட்ட பகுதியை $1 என்ற மாறி வழியாக எடுப்பதே. அடைப்புக்குள் என்ன எழுதினாலும் பெர்ல் உங்களை நம்பிவிடும். (.*) எதையும் ஏற்றுக்கொள்ளும் என்பதால், அதை எழுதுவது சோதனையையே அணைத்துவிடுவதற்குச் சமம். எவற்றைத் தடுப்பது என்று பட்டியலிடாமல், எவற்றை அனுமதிப்பது என்று எழுதுங்கள்: முதல் எழுத்து ஓர் ஆங்கில எழுத்தாகவோ எண்ணாகவோ இருக்கட்டும், அதன் பின் எழுத்து, எண், புள்ளி, அடிக்கோடு, ஹைஃபன் மட்டும் வரலாம். முதலிலேயே ஹைஃபனை அனுமதித்தால், ஓட்டப்படும் நிரல் அந்தப் பெயரைத் தன் விருப்பத்தேர்வு என்று எடுத்துக்கொள்ளக்கூடும். முடிவில் $ குறி இட்டால் கடைசியில் ஒரு புதுவரிக் குறி நுழைய இடமுண்டு. அதனால் பின்சாய்கோட்டுடன் சிறிய இசட் இடுவதே சரி.

இதில் பலர் கவனிக்காத ஓர் ஆபத்தும் உண்டு. பொருத்தம் தோற்றுப்போனால் $1 காலியாகிவிடாது. முன்பு வென்ற பொருத்தத்தின் மதிப்பே அதில் இருக்கலாம். எனவே பொருத்தத்தை இஃப் நிபந்தனைக்குள் வைத்து, வென்றால் மட்டுமே $1-ஐ எடுங்கள்; தோற்றால் கோரிக்கையை நிராகரித்துவிடுங்கள்.

பெயரைச் சரிசெய்த பின்னும் பாத் சூழல் மாறி (நிரல்களைத் தேட வேண்டிய அடைவுகளின் பட்டியல்) பாதுகாப்பற்றது என்று பிழை வரும். அதற்கு நம்பகமான அடைவுகளை மட்டும் ஸ்கிரிப்டுக்குள்ளேயே மதிப்பாகத் தந்து, ஷெல்லின் போக்கை மாற்றக்கூடிய ஐஎஃப்எஸ், சிடிபாத், என்வ், பாஷ்-என்வ் ஆகிய சூழல் மாறிகளை நீக்கிவிடுங்கள். சிஸ்டத்தை அழைக்கும்போதும் கட்டளையையும் கோப்புப் பெயரையும் ஒரே சரமாக ஒட்டாமல் தனித்தனி மதிப்புகளாகத் தாருங்கள். அப்போது இடையில் ஷெல் வருவதேயில்லை.