ரொஸ்கில்டே: பேராலயமா, வைக்கிங் கப்பல்களா?

வணக்கம். டென்மார்க் பயணம் பற்றி நேயர் ஒருவர் கேட்டிருக்கும் சந்தேகத்தை இன்று எடுத்துக்கொள்கிறேன். "கோபன்ஹேகனில் தங்கியிருக்கும்போது ஒரு நாள் ரொஸ்கில்டேவுக்குப் போய்வரலாம் என்றிருக்கிறோம். பேராலயத்தைப் பார்ப்பதா, வைக்கிங் கப்பல் அருங்காட்சியகத்தைப் பார்ப்பதா? அருங்காட்சியகத்தில் இருப்பவை உடைந்த பலகைகள்தான் என்கிறார்களே, அதற்காக மெனக்கெட்டுப் போகத்தான் வேண்டுமா? அந்த ஊருக்கும் நம் தரங்கம்பாடிக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?" என்பது அவருடைய கேள்வி.

இரண்டையும் பாருங்கள் என்பதே என் பதில். கோபன்ஹேகனிலிருந்து ரயிலில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் ரொஸ்கில்டே வந்துவிடும். மேட்டில் நிற்கும் பேராலயத்திலிருந்து பூங்கா வழியாகச் சரிவில் இறங்கினால், கடற்கழியின் கரையில் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு நடந்தே போய்விடலாம். தூரம் குறைவு என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பதினோராம் நூற்றாண்டில் ரொஸ்கில்டே, அரசரும் ஆயரும் அதிகாரம் செலுத்திய செல்வச் செழிப்பான ஊர். அந்த ஊரைக் கடல்வழித் தாக்குதலிலிருந்து காப்பதற்காக, வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், ஸ்குல்டெலவ் என்ற சிற்றூருக்கு அருகே கடற்கழியின் நீர்வழியில், பழைய கப்பல்களில் கற்களை நிரப்பி 1070-ஆம் ஆண்டை ஒட்டி மூழ்கடித்தார்கள். மேட்டில் சேர்ந்திருந்த செல்வத்துக்குக் காவலாக நீரில் போடப்பட்ட அந்தத் தடுப்புதான் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. ஆகவே ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றைப் பார்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

உடைந்த பலகைகள் என்று உங்களிடம் சொன்னவர் பொய் சொல்லவில்லை. அகழ்ந்தெடுத்தவர்கள் இரண்டாம் எண் இட்ட நீண்ட போர்க்கப்பலில் கால் பங்கு அளவுக்குத்தான் மரம் மிஞ்சியிருக்கிறது. எஞ்சிய வடிவத்தை இரும்புச் சட்டங்கள் காட்டுகின்றன. ஆனால் ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பலின் கருவாலி மரத்தில் உள்ள ஆண்டு வளையங்களை ஆராய்ந்து, அது 1042-ஆம் ஆண்டில் அயர்லாந்தின் டப்ளின் பகுதியில் கட்டப்பட்டது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். 1962-இல் கடற்கழியின் நடுவே இரும்புத் தகடுகளால் சுவர் எழுப்பி, உள்ளிருந்த நீரை வெளியேற்றி, மரம் காய்ந்து வெடித்துவிடாமல் இடைவிடாது தண்ணீர் தெளித்துக்கொண்டே இவற்றை ஆயிரக்கணக்கான துண்டுகளாக எடுத்தார்கள். முதலில் ஆறு கப்பல்கள் என்றுதான் எண்ணினார்கள். பிறகு இரண்டாவதும் நான்காவதும் ஒரே நீண்ட கப்பலின் பகுதிகள் என்று தெரியவந்தது. அதனால்தான் ஐந்து கப்பல்கள் மட்டுமே இருந்தும், கடைசிக் கப்பலின் எண் ஆறாக இருக்கிறது.

ஒரு கப்பலையாவது நிதானமாக, மிக அருகில் நின்று பாருங்கள் என்றால், நான் ஐந்தாம் எண்ணைத்தான் சொல்வேன். 17 மீட்டர் நீளமுள்ள சிறிய போர்க்கப்பல் அது. அதன் மேல்விளிம்புப் பலகை வேறொரு கப்பலிலிருந்து கழற்றிக்கொண்டுவந்து பொருத்தப்பட்டது. அதில் ஏற்கெனவே இருந்த துடுப்புத் துளைகள் புதிய இருக்கைகளின் இடைவெளிக்குப் பொருந்தாததால், அவற்றை அடைத்துவிட்டுப் பக்கத்தில் வேறு துளைகள் போட்டிருக்கிறார்கள். வைக்கிங் என்றதும் கொம்பு வைத்த தலைக்கவசத்தை நினைப்பவர்களுக்கு (அப்படி ஒன்றை அவர்கள் அணிந்ததற்குச் சான்றே இல்லை), இருப்பதை வைத்து ஒப்பேற்றிய ஒரு தச்சரின் கைவேலை அவர்களைப் பற்றி எவ்வளவோ சொல்லும்.

பலகைகளைப் பார்த்த பின்பு வெளியே உள்ள துறைமுகத்துக்கு வாருங்கள். அந்தக் கப்பல்களைப் பழைய கருவிகளாலும் முறைகளாலும் மீண்டும் கட்டி மிதக்கவிட்டிருக்கிறார்கள். டப்ளின் கப்பலின் மறுவடிவம் 2007-இல் ரொஸ்கில்டேவிலிருந்து டப்ளினுக்கே பாய்விரித்துப் போய், அடுத்த ஆண்டு திரும்பி வந்தது. கோடைக்காலத்தில் சிறிய படகுகளில் பார்வையாளர்களையே துடுப்புப் போடவைத்து அழைத்துச் செல்கிறார்கள். 1969-இல் திறக்கப்பட்ட கான்கிரீட் கூடம் 2013-இன் புயல் வெள்ளத்தில் பெரும் ஆபத்தைச் சந்தித்தது. அதன் எதிர்காலம் பற்றிய ஏற்பாடுகள் நடந்து வருவதால், எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று புறப்படும் முன் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிப் பேராலயம். பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செங்கல்லால் கட்டத் தொடங்கிய இந்தக் கட்டடம் 1995-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. டென்மார்க்கின் அரசர்களும் அரசிகளுமாக ஏறத்தாழ நாற்பது பேர் இங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். அத்தனை கல்லறைகளையும் பார்க்க முயன்றால் அலுத்துப்போகும். நமக்குத் தொடர்புள்ள மூவரைத் தேடிப் போகலாம் என்பது என் யோசனை. தரங்கம்பாடி பற்றிய உங்கள் கேள்விக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது.

முதலாமவர் நான்காம் கிறிஸ்தியான். 1616-இல் டேனியக் கிழக்கிந்திய வணிகக் குழுவுக்கு அனுமதி அளித்தவர் அவர். அவருடைய ஆட்சியில், 1620-இல், தஞ்சை இரகுநாத நாயக்கருடன் செய்த உடன்படிக்கையின் பேரில் டேனியர்கள் தரங்கம்பாடியில் டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். அவருக்கென்று தனிச் சிற்றாலயம் இருக்கிறது. 1644-இல் கடற்போரில் ஒரு கண்ணை இழந்த பின்பும் கப்பலின் மேல்தளத்தில் நிற்கும் அவரைச் சுவரில் தீட்டியிருக்கிறார் வில்ஹெல்ம் மார்ஸ்ட்ரான்ட். தூர்வால்ட்சன் வடித்த அவருடைய சிலையும் அங்கேயே நிற்கிறது. இரண்டாமவர், ஜெர்மானியச் சமயப் பரப்பாளர் சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கக் காரணமாக இருந்த நான்காம் ஃபிரெடெரிக். அவருடைய பேழை பலிபீடத்துக்குப் பின்னால், முதலாம் மார்கரேத் அரசியின் கல்லறையை அடுத்துள்ள பகுதியில் இருக்கிறது. மூன்றாமவர் எட்டாம் கிறிஸ்தியான். ஐந்தாம் ஃபிரெடெரிக்கின் பெயரில் அமைந்த வெண்ணிறச் சிற்றாலயத்தில் அவரைக் காணலாம். அவருடைய ஆட்சியில்தான், 1845-இல், தரங்கம்பாடி ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. ஊரைப் பெற்ற காலத்து அரசரும் விற்ற காலத்து அரசரும் ஒரே கூரையின் கீழ் கிடக்கிறார்கள். வழிகாட்டிப் பலகைகளில் இந்தத் தொடர்பை எதிர்பார்க்காதீர்கள், நீங்களே நினைவில் வைத்துக்கொண்டு போவது நல்லது.

குழந்தைகளுடன் போவீர்களானால், மணி அடிக்கும் நேரத்துக்குச் சற்று முன்பாக, மேற்கு வாயில் பக்கத்தில் உயரத்தில் இருக்கும் பழைய கடிகாரத்தின் அருகே நின்றுகொள்ளுங்கள். குதிரையில் வரும் புனித ஜார்ஜ் பறவைநாகத்தை (டிராகனை) தாக்க, அது கீச்சென்று அலறும்.

நேரம் மிச்சமிருந்தால், பொன்னிறப் புடைப்புகள் நிறைந்த முகப்புடன் 2016-இல் திறக்கப்பட்ட ராக்னராக் என்ற ராக், பாப் இசை அருங்காட்சியகத்தையும் பார்க்கலாம். அது ஊரின் மறுபுறம், ரயில் நிலையத்துக்குத் தெற்கே இருக்கிறது. பேருந்தில் போவது வசதி. காலையில் கப்பல்கள், பிற்பகலில் பேராலயம் என்ற வரிசையே எனக்குப் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போக வேண்டாம்: பேராலயத்தில் வழிபாடு நடக்கும் என்பதால் பார்வையாளர்கள் பிற்பகல் வரை காத்திருக்க வேண்டிவரும். மற்ற நாள்களிலும் திருமணமோ இறுதிச் சடங்கோ இருந்தால் மூடிவிடுவார்கள். முந்தைய நாள் மாலையே பார்த்து உறுதிசெய்துகொண்டு ரயில் ஏறுங்கள்.