தீய விட்டுட்டு செவுத்தப் பாருங்க | ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் தமிழ் வ்லாக்

வணக்கம் மக்களே! போன வீடியோல ஒரு ஷாட் வந்துச்சே, எங்க வீட்டுக் கொல்லையில பழைய தார் டின்னுக்குள்ள தீ எரியுற மாதிரி? அந்த ஷாட் எடுக்கும்போது நிஜத்துல ஒரு தீக்குச்சி கூட கொளுத்தல. எப்படிண்ணா பண்ணீங்கன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. வீடியோவுல எஃபெக்ட் சேக்குற சாஃப்ட்வேர் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல அந்த ப்ராஜெக்டையே இன்னைக்குத் தொறந்து வச்சிருக்கேன்.

முதல்ல தீ. கறுப்புப் பின்னணியில எடுத்த தீ கிளிப் இலவசமாவே கிடைக்குது. டின்னு மேல வச்சு, ரெண்டு லேயரும் எப்படிக் கலக்கணும்னு சொல்ற மோட்ல ஸ்க்ரீன் குடுத்தா கறுப்பு போயிரும், தீ மட்டும் நிக்கும். ஏன்னா தீங்கிறது வெளிச்சம். அது பின்னாடி இருக்கிறத மறைக்காது, அதோட சேர்ந்துக்கும். புகை அப்படி இல்ல, மறைக்கும். அதனால புகைக்கு ஸ்க்ரீன் போடாதீங்க, ஆல்ஃபாவோட, அதாவது பின்னணியே இல்லாம வெட்டி வர்ற கிளிப்பா தேடி எடுங்க.

இது பத்து நிமிஷ வேலை. முதல் தடவ இதோட முடிஞ்சுதுன்னு நினைச்சு அம்மாகிட்ட காட்டினேன். "என்னடா, ஸ்டிக்கர் ஒட்டுன மாதிரி இருக்கு"ன்னாங்க. அம்மாவுக்கு இந்த சாஃப்ட்வேர் பத்தி எதுவும் தெரியாது. ஆனா அடுப்புத் தீய அவங்க அளவுக்குப் பாத்தவங்க யாரு?

அன்னைக்கு சாயங்காலம் ரெண்டு காஞ்ச ஓலையக் கொளுத்திட்டு, தீயப் பாக்காம கிணத்துச் செவுத்தையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். சிமெண்டு பூச்சுல இருக்கிற ஒவ்வொரு சொரசொரப்புக்கும் ஒரு குட்டி நிழல். தீ ஆடுனா அத்தனையும் ஆடுது. ரெண்டடியில நல்ல ஆரஞ்சு, நாலடியில சட்டுனு மங்கிருது. தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் கால்வாசின்னு ஸ்கூல்ல படிச்சோம்ல, அதேதான்.

என் ஷாட்டுல தீ எரியுது, செவுரு சும்மா நிக்குது. அதான் கோளாறு.

சரி, ஸ்க்ரீனப் பாருங்க. ஃபுட்டேஜ், அதாவது நான் எடுத்த வீடியோ, அது மேல ஒரு அட்ஜஸ்ட்மென்ட் லேயர். கீழ இருக்கிறத மாத்துற வெத்து லேயர் அது. அதுல நிறத்த ஏத்தி இறக்குற கர்வ்ஸ். சிவப்ப ஏத்தி நீலத்த இறக்குறேன். மாஸ்க் போட்டு, அதாவது கோடு கிழிச்சு, செவுத்துக்கு மட்டும். இப்ப இது ஆடணும். நிறைய பேர் ஒப்பாசிட்டில, அதாவது லேயர் எவ்வளவு தெரியணும்ங்கிறதுல, இஷ்டத்துக்கு ஏத்தி இறக்குற விக்கிள் போடுவாங்க. எனக்கு அது பிடிக்காது. தீ ஒரு பக்கம் ஆடும், செவுரு அது பாட்டுக்கு வேற தாளத்துல ஆடும். அதுக்குப் பதிலா தீ லேயரையே ஒரு காப்பி எடுத்து, ஃபாஸ்ட் பாக்ஸ் ப்ளர நல்லா கூட்டி மங்கலாக்கி, அதையே அட்ஜஸ்ட்மென்ட் லேயருக்கு லூமா மேட்டா குடுங்க. அந்தக் காப்பி எங்க வெளிச்சமா இருக்கோ, அங்க மட்டும் அந்த நிறம் தெரியும். தீ எந்த ஃப்ரேம்ல எகிறுதோ, அதே ஃப்ரேம்ல செவுரும் எகிறும். தள்ளிப்போகப் போக தானாவே மங்கும்.

ஆனா அந்தக் குட்டி நிழல் இருக்கே, அத கர்வ்ஸ் தராது. ஷூட் பண்ணும்போதே டின்னுக்குள்ள ஒரு எல்இடி லைட்ட வச்சு, ஆரஞ்சு கண்ணாடிப் பேப்பர் சுத்தி, முன்னாடி கைய ஆட்டிக்கிட்டே இருங்க. ரெண்டாவது தடவ எடுத்தப்ப அப்படித்தான் எடுத்தேன். பாதி வேலை அங்கேயே முடிஞ்சிருச்சு.

அடுத்து நாய்ஸ், அதாவது வீடியோவுல வர்ற பொரி. 300 சதவீதம் ஜூம் பண்றேன். அந்தி நேரத்துல ஃபோன்ல எடுத்ததால ஃபுட்டேஜ் முழுக்க பொரிப்பொரியா இருக்கா? தீ கிளிப் மட்டும் கழுவி விட்ட மாதிரி இருக்கு. சிவப்பு, பச்சை, நீலம்னு இருக்கிற மூணு சேனல்ல ப்ளூ சேனல மட்டும் தனியா வச்சுப் பாத்தா இன்னும் பளிச்சுனு தெரியும். அதே பொரிய தீ கிளிப்புக்கும் தர்ற மேட்ச் கிரெய்ன் போட்டு, மூணு சேனலையும் ஒவ்வொண்ணா பாத்து சரி பண்ணுங்க.

ஃபோன்ல எடுக்கிறவங்க இதக் கவனிங்க. ஃபோன் ஃப்ரேம்ரேட், அதாவது ஒரு செகண்டுக்கு எத்தனை படம்ங்கிறது, ஒரே சீரா இருக்காது. அப்படியே கொண்டுவந்து, டின்னு நகர்ற மாதிரியே தீயும் நகர ட்ராக் பண்ணி, தீ டின்ன விட்டு வழுக்கி வழுக்கிப் போய் எனக்கு ரெண்டு நாள் போச்சு. முதல்ல வீடியோ மாத்துற சாஃப்ட்வேர் ஹேண்ட்பிரேக்ல கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்டுக்கு மாத்திட்டு வேலைய ஆரம்பிங்க.

கடைசியா, தீக்கு மேல காத்து நெளியும்ல, அதுக்கு படத்த நெளிய வைக்கிற டர்புலன்ட் டிஸ்ப்ளேஸ் எஃபெக்ட். கண்ணுக்குத் தெரியுதுன்னாலே அதிகம், பாதியா குறைச்சிருங்க.

இப்ப பழைய ஷாட்டையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல ஓட விடுறேன். ரெண்டுலயும் ஒரே தீ கிளிப்தான், மாத்தவே இல்ல. செவுத்த மட்டும் பாருங்க.