சனிக்கிழமை மூன்று மணிக்கு வரக்கூடிய மிருதங்கம்

அன்பான நேயர்களுக்கு வணக்கம். இசையைத் தொழிலாகக் கொள்ளாமலும், அதே வேளை அதைக் கைவிட மனமில்லாமலும் ரொறன்ரோவில் வாழ்கின்ற நம்மைப் போன்றவர்கள், வீட்டளவில் ஓர் ஒலிப்பதிவு செய்வதற்குக் கூட்டாளிகளை எப்படித் தேடிக்கொள்வது என்பதைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் என்னைக் கேட்டிருந்தார்கள். நான் வயலின் வாசிப்பவன். இந்த நகரத்துக்கு வந்த நாளிலிருந்து என் மனதை விட்டு அகலாத விடயம் இது.

இங்கே ஆள் இல்லை என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் அதை ஏற்பதில்லை. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் நடக்கின்ற மிருதங்க, வாய்ப்பாட்டு, வீணை அரங்கேற்றங்களுக்கு நீங்களும் போயிருப்பீர்கள். பத்து ஆண்டு படித்த பிள்ளை மேடையேறுகிறது. அடுத்த செப்டெம்பரில் பல்கலைக்கழகத்துக்குப் போகிறது. மிருதங்கம் உறையோடு அலுமாரிக்குள் போகிறது. ஆகவே இந்த நகரத்தில் இசைக்கலைஞர்கள் இருக்கிறார்கள், வெளியே தெரியாமல் இருக்கிறார்கள். நாம் தேடவேண்டியது இன்று மேடையில் இருப்பவரை அல்ல, என்றோ ஒருநாள் நிறுத்திவிட்டவரைத்தான்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மளிகைக் கடையின் அறிவித்தற் பலகையில், “மிருதங்கம் வாசிப்பவர் தேவை” என்று எழுதி, கீழே தொலைபேசி இலக்கத்தையும் போட்டுவிட்டு வந்தேன். அழைப்புகள் வந்தன. மூன்று தாய்மார் பிள்ளைக்கு வகுப்பெடுக்க எவ்வளவு கட்டணம் என்று கேட்டார்கள். ஒருவர் திருமண வரவேற்புக்கு வாசிக்க எவ்வளவு வாங்குவீர்கள் என்று கேட்டார். அவர்களில் எவர் மீதும் பிழை இல்லை, ஏனென்றால் என் அறிவிப்பு எதையுமே சொல்லவில்லை. அதைக் கழற்றிவிட்டு இரண்டாவதாக ஒன்று எழுதினேன்: சனிக்கிழமை பிற்பகல் 3 மணி முதல் 5 மணி வரை, மார்க்கம் வீதிக்கு அருகில், மோகன ராகத்தில் ஒரு கீர்த்தனை, ஆதி தாளம், சுருதி ஒரு கட்டை (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு), பணம் கொடுப்பதுமில்லை வாங்குவதுமில்லை, நமக்காக மட்டும் ஒலிப்பதிவு, வாசிப்பை விட்டுப் பல ஆண்டுகள் ஆனவர்களும் வரலாம்.

அந்தக் கடைசி வரிக்குத்தான் ஒரு குரல் பதில் சொன்னது. ஐம்பது வயதை நெருங்கியவர், தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவர், யாழ்ப்பாணத்தில் பதினெட்டு வயது வரை முறையாகப் படித்தவர். அவருடைய மிருதங்கம் பேஸ்மென்டில் வெப்பமூட்டும் கருவிக்குப் பக்கத்திலேயே பல குளிர்காலங்களைக் கழித்துவிட்டிருந்தது. குளிர்காலத்தில் நம் வீட்டுக் காற்று எவ்வளவு வறண்டுபோகும் என்பதை உங்கள் உதடுகளே சொல்லும். தோல் வாத்தியத்தின் கதியை நினைத்துப் பாருங்கள். “தம்பி, வாத்தியம் இல்லை, கை மட்டும்தான் இருக்கிறது, வரலாமா?” என்று கேட்டார். வாருங்கள் அண்ணை என்றேன்.

வந்தார். கீர்த்தனையை ஒருமுறை கேட்டார். மேசை மேல் தாளம் போட்டுக்கொண்டு, தா தீ தொம் நம் என்று முதற் பாடத்திலிருந்தே சொற்கட்டுகளைச் சொல்லத் தொடங்கினார். கால் மணி நேரத்துக்குள் கோர்வை என்னும் முடிப்புத் தாள அடுக்கு ஒன்றைச் சொல்லி, பாட்டு தொடங்கும் இடத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தார். ஒலிவாங்கியை அவருடைய வாய்க்கு முன்னால் வைத்தேன். மிருதங்கம் இல்லாமல், தாளச் சொற்களை வாயால் சொல்கின்ற கொன்னக்கோலோடு மட்டும் செய்த அந்தப் பதிவுதான் இன்றுவரை எங்கள் பதிவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது. வாத்தியம் பின்னர் சென்னைக்குப் போகின்ற உறவினர் ஒருவரோடு பயணம் செய்து, புதுத் தோல் மூட்டுடன் திரும்பி வந்தது. இப்போது அது பேஸ்மென்டில் இருப்பதில்லை.

ஆகவே நேயர்களே, திரும்பவும் சொல்கிறேன்: நாளைச் சொல்லுங்கள், இடத்தைச் சொல்லுங்கள், பாட்டைச் சொல்லுங்கள், சுருதியைச் சொல்லுங்கள். சுருதியைச் சொல்லாமல் விடுவதால் வருகின்ற ஏமாற்றம் பெரிது. ஒரு கட்டைக்கு அமைந்த மிருதங்கத்தை ஐந்து கட்டைக்கு இழுத்துப் பிடிக்க முடியாது. பெண் குரலுக்கு வாசிக்கவேண்டும் என்றால் பெரும்பாலும் வேறு வாத்தியமே வேண்டும். பிராம்ப்டனிலிருந்து 401 நெடுஞ்சாலையின் நெரிசலைத் தாண்டி வந்தவரிடம், உறையைத் திறந்த பிறகு இதைச் சொல்லக்கூடாது.

தமிழர் அல்லாத இசைக்கலைஞர்களிடம் ஒரு கட்டை என்பதை சி என்றும், ஐந்து கட்டை என்பதை ஜி என்றும் சொன்னால் போதும். எங்கள் தொடர்மாடியில் செல்லோ வாசிக்கும் பெண்மணி ஒருவர் ஆர்வத்தோடு வந்தார். சுரங்களை மேலைநாட்டு முறையில் எழுதிக் கொடுத்தேன். பிழையில்லாமல் வாசித்தார், ஆனால் சுரங்களை அசைத்து வாசிக்கும் கமகம் தாளில் இல்லையே! அடுத்த முறை தாளைக் கொடுக்காமல், இரண்டிரண்டு ஆவர்த்தனமாக, அதாவது தாளச் சுற்றாக, நானே வாசித்துப் பதிந்து அனுப்பினேன். காதால் கேட்டுக் கற்ற பிறகு அவருடைய வில் வேறு விதமாக நகர்ந்தது.

இடத்தைப் பொறுத்தவரை, அயல்வீட்டார் சுவரைத் தட்டுவார்களோ என்ற அச்சத்தோடு எவரும் மனம்விட்டு வாசிக்க முடியாது. நம் பொது நூலகத்தின் சில கிளைகளில் ஒலிப்பதிவுக் கருவிகள் இருக்கின்றன. பார்க்டேல் கிளையில் 2016இல் இசைக்கருவிகளையே இரவல் கொடுக்கத் தொடங்கினார்கள். நூலக அட்டை வைத்திருக்கும் பலருக்கு இது தெரியாது என்பது எனக்கு வருத்தம்.

இணையத்தின் வழியாகச் சென்னையிலுள்ள நண்பரோடு ஒரே நேரத்தில் வாசிக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. சென்னை இங்கிருந்து 13,000 கிலோமீற்றருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் ஓடும். நேர்கோட்டில் கம்பி இழுத்தாலும், ஒரு விநாடியின் ஆயிரத்தில் 65 பங்கு தாமதம் தவிர்க்க முடியாதது. காற்றில் அதே நேரத்தில் ஒலி 22 மீற்றர் செல்லும். அதாவது, மிருதங்கக்காரரை மண்டபத்தின் மறுகோடியில் உட்காரவைத்துத் துரித காலத்தில் வாசிப்பது போன்றது. ஜாமுலஸ், ஜாக்டிரிப் போன்ற மென்பொருள்கள் மொன்றியலில் இருப்பவரோடு வாசிக்க உதவலாம், சென்னைக்கு உதவமாட்டா. அங்கே இருப்பவரோடு ஒருவர் பின் ஒருவராகப் பதிவதே வழி: முதலில் தம்புராவும் தாளத் தட்டும், அதன் மேல் வயலின், அதன் பிறகே மிருதங்கம்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். உரிமையைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுகிறேன். எல்லாருடைய சம்மதமும் இல்லாமல் பதிவை வெளியே விடுவதில்லை என்பதை முதல் நாள் தேநீரின்போதே பேசிக்கொள்ளுங்கள். மூலப்பதிவின் பிரதி ஒவ்வொருவர் கையிலும் ஒன்று இருக்கட்டும்.

எங்களுக்கு இப்போது ஒரு கடம் வேண்டும். சுருதி ஒரு கட்டை, ஆதி தாளம், சனிக்கிழமை 3 மணி. அலுமாரியில் கடத்தைத் துணியால் சுற்றி வைத்திருக்கும் நேயர் எவராவது இருந்தால் நிலையத்தாரிடம் சொல்லுங்கள், அவர்கள் எனக்குத் தெரிவிப்பார்கள். நன்றி, வணக்கம்.