காணாதே போவதோ?

(சென்னை நாளையொட்டி மயிலாப்பூரில் நூலக வாசகர் வட்டம் ஒன்றின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கு நடுவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, இந்தக் கூட்டத்துக்காக வாசிப்பறை மேசைகளையெல்லாம் சுவரோரம் ஒதுக்கித் தந்திருக்கும் நூலகர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி, நான் சொல்ல வைத்திருந்ததில் பாதியைச் சொல்லி முடித்துவிட்ட பேராசிரியர் அவர்களே, ஒலிபெருக்கி அமைத்துக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருக்கும் தம்பி அவர்களே, மயிலைவாழ் பெருமக்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

தலைவர் அவர்கள் என்னை வரலாற்றறிஞர் என்று அறிமுகப்படுத்தினார்கள். பள்ளிக்கூடத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வரலாறு நடத்தியவன் என்பது மட்டுமே உண்மை; அறிஞர் என்பது அவர்களுடைய பெருந்தன்மை. பொன்னாடையும் போர்த்தினார்கள். ஆகஸ்ட் மாதத்துப் புழுக்கத்தில் அதையும் அன்பின் சுமையாகவே ஏற்றுக்கொண்டேன். மாமன்ற உறுப்பினர் அம்மையார் ஏழரை மணிக்கு வேறொரு நிகழ்ச்சிக்குப் போகவேண்டும் என்று காதில் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் அவசியம் கேட்கவேண்டிய பகுதி ஒன்று என் பேச்சில் இருப்பதால், அதை ஏழரைக்கு முன்பே சொல்லிவிடப் பார்க்கிறேன்.

எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, ‘சென்னையில் காணவேண்டிய இடங்கள்’. மூன்று செய்திகளைக் குறித்துக்கொண்டு வந்தேன். எவற்றைக் காண்பது என்பது ஒன்று. எப்படிக் காண்பது என்பது இரண்டு. கண்டதை நமக்கு யார் சொல்லித் தருவது என்பது மூன்று.

முதல் செய்திக்கு வெளியே போகவேண்டியதில்லை. மயிலாப்பூரில் காணவேண்டியவை எவை என்று முதன்முதலில் பட்டியல் போட்டவர் திருஞானசம்பந்தர் என்று நான் வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 7ஆம் நூற்றாண்டில் அவர் பாடிய பூம்பாவைப் பதிகத்தை எடுத்துப் பாருங்கள்: ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று திருவிழாக்களை மாத வரிசையில் அடுக்கி, பாட்டுக்குப் பாட்டு ‘காணாதே போதியோ பூம்பாவாய்’ என்று கேட்கிறார். இதையெல்லாம் பார்க்காமலே போய்விடுவாயா என்று இறந்துபோன ஒரு பெண்ணின் சாம்பலைப் பார்த்துக் கேட்கிறார். அவள் எழுந்து வந்தாள் என்பது நம்பிக்கை. உயிரோடு இருக்கிற நாம்தான் எழுந்து போய்ப் பார்ப்பதில்லை. நம் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் கபாலீசுவரர் கோயில் குளக்கரையில் உட்கார்ந்தே பல ஆண்டுகள் ஆகியிருக்கும். ஆனால் விடுமுறை விட்டால் ரயிலேறி எங்கெங்கோ போகிறோம். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தானாம் என்பார்கள். என்னிடம் படித்த பிள்ளைகள் இங்கே சிலர் இருக்கிறார்கள். ‘சார் ஆரம்பித்துவிட்டார்’ என்று அவர்கள் சிரிப்பது தெரிகிறது. இந்தப் பழமொழியை நான் இன்று இன்னும் சில தடவை சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எப்படிக் காண்பது என்பதற்கு என் மாமாவின் கதையைச் சொல்கிறேன்.

சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்னால், கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து என் தாய்மாமன் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னைக்கு வந்தார். முகூர்த்தம் முடிந்த மறுநாள் காலையில், வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாகக் கூடத்தில் வந்து நின்று, ‘மாப்ளே, உயிர்க்காலேஜும் செத்த காலேஜும் பார்த்துட்டுத்தான் ஊருக்குக் கிளம்புவேன்’ என்றார். பெரியவர்களுக்குப் புரியும், பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் பட்டணம் பார்க்க வருகிறவர்கள் மிருகக்காட்சிசாலையை உயிர்க்காலேஜ் என்றும், எழும்பூர் அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்றும் சொல்வார்கள். மிருகக்காட்சிசாலை 1985ஆம் ஆண்டிலேயே வண்டலூருக்குப் போய்விட்டதைச் சொல்லி, எழும்பூருக்கு மட்டும் போகலாம் என்று முடிவு செய்தோம். எனக்குப் பள்ளியில் காலை வேலை இருந்தது. ‘நீங்கள் ஆட்டோவில் போய் வாசலில் இருங்கள் மாமா, நான் பதினொரு மணிக்கு வந்து சேர்கிறேன்’ என்றேன்.

அங்கேதான் தவறு நடந்தது. ஆட்டோ ஓட்டியவர் இருபது வயதுப் பையன். மாமா ஏறி உட்கார்ந்து, ‘செத்த காலேஜுக்கு விடுப்பா’ என்றிருக்கிறார். பையன் ஒரு கணம் அவரைத் திரும்பிப் பார்த்திருக்கிறான். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு பை, வயதான முகம். பாவம், அவனுக்கு என்ன தோன்றியிருக்கும்? வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டிக்கொண்டுபோய், ஒரு பெரிய மருத்துவமனையின் பிணவறை வாசலில் இறக்கிவிட்டு, ‘தாத்தா, காசு வேணாம், நீங்க போங்க’ என்று சொல்லிவிட்டான். மாமாவுக்கு ஒரே மகிழ்ச்சி. பட்டணத்துப் பிள்ளைகளுக்கு இவ்வளவு மரியாதை தெரியும் என்று அவர் நினைக்கவேயில்லை. நேராக உள்ளே போகப் பார்த்திருக்கிறார். வாசலில் இருந்த காவலாளி எழுந்து நின்று, தணிந்த குரலில், ‘யாருங்க ஐயா, உறவா?’ என்று கேட்டிருக்கிறார். மாமா, ‘உறவெல்லாம் இல்லப்பா, ஊர்லேர்ந்து சும்மா பாக்க வந்தேன். டிக்கெட் எவ்வளவு?’ என்று கேட்டிருக்கிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். அந்தக் காவலாளி சிரிக்கவில்லை. துக்கத்தில் புத்தி தடுமாறிவிட்டது என்று எண்ணி, பெஞ்சில் உட்காரவைத்து, சோடா வாங்கிக் கொடுத்து, வீட்டு எண்ணைக் கேட்டுத் தொலைபேசியில் அழைத்தார். என் மனைவி எடுத்தாள். ‘உங்க வீட்டுப் பெரியவர் இங்கே பிணவறையில் இருக்கிறார்’ என்று அவர் தொடங்கியதும் என் மனைவி போட்ட கூச்சலில் மாடிவீட்டார் இறங்கி ஓடி வந்துவிட்டார்கள்.

ஒருவழியாகப் பிற்பகல் இரண்டு மணிக்கு எழும்பூர் போய்ச் சேர்ந்தோம். 1851இல் தொடங்கிய அருங்காட்சியகம் அது. அமராவதிச் சலவைக்கற்கள் அங்கே இருக்கின்றன. திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார். வளாகத்திலேயே 1896இல் திறந்த கன்னிமாரா நூலகமும் இருக்கிறது. வெண்கலச் சிலைகளின் கூடத்துக்குள் நுழைந்ததும் மாமா தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். ‘எங்க ஊர்ப் பக்கத்துச் சாமியெல்லாம் இங்கதான் இருக்கா?’ என்றார். பிறகு ஓர் அம்மன் சிலையின் அருகே குனிந்து, ‘மாப்ளே, மூக்கைப் பாரு’ என்றார். நான் அதுவரை எத்தனையோ முறை மாணவர்களை அழைத்துப் போயிருக்கிறேன், மூக்கைப் பார்த்ததில்லை. மூக்கும் கன்னமும் மழமழவென்று தேய்ந்திருந்தன. கண்ணின் கோடு பாதி அழிந்திருந்தது. ‘எத்தனை வருஷத்து அபிஷேகம் இது! பாலும் சந்தனமும் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு இப்படி ஆயிருக்கு. பக்கத்துல இருக்கிறதைப் பாரு, செதுக்கின கோடு அப்படியே இருக்கு. சீக்கிரமே மண்ணுக்குள்ள போயிருக்கும்’ என்றார். பீடத்தில் இருந்த துளைகளைக் காட்டி, உற்சவத்தின்போது சாமி ஆடாமல் அசையாமல் இருக்க எப்படிக் கம்பு செருகிக் கட்டுவார்கள் என்று கையை வைத்து அபிநயம் பிடித்தார். நிமிர்ந்து பார்த்தால், எங்களைச் சுற்றிப் பதினைந்து பள்ளிப் பிள்ளைகள் நிற்கிறார்கள். அவர்களை அழைத்து வந்த ஆசிரியையும் நிற்கிறார்.

அடுத்த நாள் வேறோர் இடத்துக்குப் போனோம். பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் நாளை யாராவது விளக்கக் கடிதம் எழுதுவார்கள். பழைய கட்டடம், பெரிய பலகை. அதில் ஆங்கிலத்தில் இருபது வரிகள். கட்டியவர், கட்டிய ஆண்டு, பாணி எல்லாம் இருந்தன. மாமா தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர். பலகையின் கீழ்ப்பகுதியில் தமிழைக் கண்டதும் ஆவலாகப் போய், எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார்: ‘எச்சில் துப்பாதீர். சுவரில் கிறுக்காதீர். மீறினால் அபராதம்.’ என்னைத் திரும்பிப் பார்த்து, ‘அவ்வளவுதானா?’ என்று கேட்டார்.

ஆங்கிலத்தில் வரலாறு, தமிழில் எச்சரிக்கை. அம்மையார் அவர்களே, நான் ஏழரை மணிக்குள் சொல்ல விரும்பியது இதைத்தான்.

இது ஏதோ தமிழில் சொல்ல முடியாத காரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நுங்கம்பாக்கத்தில், வானிலை ஆய்வு மையத்தின் வளாகத்துக்குள், ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792ஆம் ஆண்டில் மைக்கேல் டாப்பிங் என்பவரின் முயற்சியால் அங்கே எழுந்த வானாய்வுக் கூடத்தின் மிச்சம் அது. அந்தக் கல்லில் லத்தீனில் எழுதியவர்கள் தமிழிலும் தெலுங்கிலும்கூட எழுதினார்கள். ஆயிரம் ஆண்டுகள் கழித்து வருகிறவர்களும் இந்த இடம் இன்னதென்று அறியவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். வணிகம் செய்ய வந்த கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்களுக்கு, இந்த ஊரில் எதிர்காலத்துக்கு ஒரு செய்தி விட்டுச்செல்ல வேண்டுமானால் அது தமிழிலும் இருக்கவேண்டும் என்று 1792இல் தோன்றியிருக்கிறது. அதே கூடத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1874இல் வெள்ளி கோள் சூரியனைக் கடந்தபோது, அது என்ன நிகழ்வு என்று மக்களுக்குப் புரியவைக்க நம் நாட்டு மொழிகளில் சிறு நூல் வெளியிட்டார். இத்தனையும் நடந்த இடத்தைத் தாண்டித்தான் நாம் தினமும் பேருந்தில் போகிறோம். விண்மீன் பார்க்க வேண்டுமென்றால் கொடைக்கானலுக்குச் சீட்டு எடுக்கிறோம். வெண்ணெய் யார் கையில் இருக்கிறது, பாருங்கள்.

பரங்கிமலைக்கு வாருங்கள். நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட படிகள் ஏறிப் போகிறவர்கள் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு, விமானம் இறங்குவதை வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். 1802ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய நில அளவையாளர் இந்த மலையடிவாரத்திலிருந்து தெற்கே ஏழரை மைல் தூரத்தை எஃகுச் சங்கிலி பிடித்து அளந்தார். வெயிலில் இரும்பு நீளுமே என்று அந்த நீட்சியையும் கணக்கில் சேர்த்தார். அந்தக் கோட்டில் தொடங்கித்தான் இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்தார்கள். எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் பின்னாளில் அந்த அளவைப் பணியின் தொடர்ச்சியாகத்தான் தெரியவந்தது. மலையில் லாம்டனின் மார்பளவுச் சிலை ஒன்று உண்டு. அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்ட ஓர் இளைஞரிடம் ‘யார் தம்பி இவர்?’ என்று கேட்டேன். ‘ஃபாதராக இருக்கும் சார்’ என்றார்.

இன்னும் சற்றுத் தெற்கே பல்லாவரம். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியல் அறிஞர் அங்கே குனிந்து எடுத்த ஒரு கல், பழைய கற்கால மனிதன் கையால் செய்த கருவி. இந்திய மண்ணில் ஆதி மனிதன் வாழ்ந்தான் என்பதை உலகம் ஏற்றுக்கொள்வதற்கு அதுவே தொடக்கம். அவர் திரட்டிய தொகுப்பை எழும்பூர் அருங்காட்சியகம் வாங்கி வைத்திருக்கிறது. பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் பழைய பொருள் வாங்கப் போகிறவர்களுக்கு, அந்த ஊரிலேயே மிகப் பழைய பொருள் எது என்று சொல்ல ஆளில்லை.

நான் கேட்பது பெரிய செலவில்லை. ஆறடி தள்ளி நின்றாலும் படிக்கும்படி தமிழில் பெரிய எழுத்து. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் கண் உயரத்தில் பலகை. பத்து வரிக்கு மேல் வேண்டாம். அந்தப் பத்தில் இரண்டு வரி, ‘இங்கே இதை உற்றுப் பாருங்கள்’ என்று சொல்லவேண்டும். அந்த வரிகளை எழுத அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளரைத் தேடாதீர்கள். சிலையின் மூக்கைப் பார்க்கத் தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். எல்லாம் இப்போது க்யூஆர் கோடில் வந்துவிட்டதே என்று பேராசிரியர் அவர்கள் சற்றுமுன் சொன்னார்கள். அவர்கள் மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனால் அந்தக் கட்டத்துக்கு முன்னால் கைப்பேசியைப் பிடிக்க என் மாமாவுக்குத் தெரியாது; பிடிக்கத் தெரிந்த என் பேரன் அதற்குள் வேறு எதையோ பார்க்கப் போய்விடுகிறான். கையில் வெண்ணெய் இருந்தால் மட்டும் போதாது, உருக்குவதற்கு ஓர் அடுப்பு வேண்டும். பலகைதான் அந்த அடுப்பு.

தலைவர் அவர்கள் மணியைத் தொடுவது தெரிகிறது. 1842இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை மரத்தூள் போட்டுப் பாதுகாத்த ஐஸ் ஹவுஸ், 1897இல் விவேகானந்தர் தங்கிய இல்லமானதைச் சொல்ல நினைத்திருந்தேன். ராயபுரத்தில் 1856இல் திறந்த ரயில் நிலையத்தையும், 1914இல் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டனின் குண்டு விழுந்த உயர் நீதிமன்ற மதிலையும் காட்ட நினைத்திருந்தேன். கண்டதை யார் சொல்லித் தருவது என்ற மூன்றாவது செய்திக்கு நான் வரவேயில்லை. இன்னொரு கூட்டம் போடுங்கள், பொன்னாடை இல்லாமலே வருகிறேன்.

வாசலில் மேசைமேல் நீல அட்டை நோட்டு ஒன்று இருக்கிறது. தமிழ் விளக்கப் பலகைகள் வேண்டும் என்று மாநகராட்சிக்கு நாம் கொடுக்கப்போகும் விண்ணப்பம் அது. பெயர், தெரு, கையெழுத்து, அவ்வளவுதான். மாமன்ற உறுப்பினர் அம்மையார் அவர்கள் புறப்படும்போது முதல் கையெழுத்தை இட்டுத் தரவேண்டும் என்று இந்த மேடையிலிருந்து பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வருகிற ஞாயிறு காலை ஆறரைக்குப் பரங்கிமலை அடிவாரத்தில் கூடுவோம். தண்ணீர் எடுத்து வாருங்கள். நோட்டோடு நூலில் கட்டி வைத்திருக்கும் பேனா என்னுடையது, அதை அங்கேயே விட்டுவிட்டுப் போகவும். நன்றி, வணக்கம்.